பேஸ் வரிசையில் மூன்று வாய்கள்

பாட்டு மாஸ்டரின் கை எங்களைப் பார்த்து நீண்டது.

நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்தோம்.

சத்தம் வரவில்லை.

பாட்டு முந்நூறு வருஷத்துக்கு முந்தியது. கடவுளுக்காக எழுதியது. அதன் கடைசிப் பகுதிக்கு ஒரே சொல்தான்: ஆமென். அந்த ஒரு சொல்லை எழுதினவர் பதினாலு பக்கத்துக்கு இழுத்திருக்கிறார். எங்கள் மேஸ்திரியிடம் ஒரு வேலையை இப்படி இழுத்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஆனால் எழுத்துக்கூட்டிப் படிக்கிற என்னைப் போன்றவனுக்கு வசதிதான். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அதே சொல்.

அந்த ஆமெனைத் தொடங்குவது பேஸ் வரிசை. கனத்த குரல்காரர்கள் என்று பேர். அந்த இடத்தில் வாத்தியம்கூடக் கிடையாது. நாங்கள் தொடங்கினால்தான் மற்ற வரிசைகள் ஒவ்வொன்றாக வந்து சேரும். தொடங்காவிட்டால் மேடை முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நின்றார்கள்.

முதலில் நான் கவலைப்படவில்லை. என் வேலையை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன். போன வாரம் மாஸ்டர் என்னை மாடிப்படிக்குக் கீழே ஓரம் கட்டி, தோளில் கை போட்டுக் கொடுத்த வேலை.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கச்சேரி அன்னைக்கு நீங்க வாயை மட்டும் அசைங்க, போதும். இது நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்."

நாளெல்லாம் கலவை மெஷின் பக்கத்தில் நிற்கிறவனிடம் சுருதி எங்கே நிற்கும்? சரி என்றேன். கூலியில்லாத வேலையில் பாதியைக் குறைத்தால் கசக்குமா?

வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

என் மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவள் அண்ணன். நான் பாடப் போகிறேன் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிற மனுஷன்.

"எத்தனை பேர் பாடினாலும் உங்க குரலை நான் கண்டுபிடிச்சிடுவேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள். ஆறு மாதமாக நான் வீட்டில் பாடிப் பார்க்கும்போதெல்லாம் அடுப்படியிலிருந்து "இன்னும் கீழ", "அங்க இழுக்காதீங்க" என்று குரல் கொடுத்து மாஸ்டரைவிடப் பெரிய மாஸ்டராக இருந்தவள். உலகத்தில் யாருக்குத் தெரிந்தாலும் எனக்கு வெட்கமில்லை. நான் வாயை மட்டும் அசைக்கிறவன் என்று அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது.

பக்கத்தில் பார்த்தேன். பஸ் டிரைவர் கண்ணை மூடி, உருகி உருகி வாயசைத்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு அடுத்து பல் டாக்டர். மேல்வரிசை, கீழ்வரிசை எல்லாம் தெரியத் திறந்த வாய். உள்ளேயிருந்து காற்றுகூட வரவில்லை.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மாஸ்டர் மாடிப்படிக்குக் கீழே நிறைய நேரம் செலவழித்திருக்கிறார்.

உண்மையாகவே பாடுகிற நாலாவது ஆள் ஒருவர் இருந்தார். தீயணைப்பு வண்டி ஓட்டுகிறவர். பேஸ் வரிசை என்பதே அவர்தான். நாங்கள் அவரைச் சுற்றி நிறுத்திய தட்டிகள். இதற்கு முந்தின பகுதியில் அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எங்கேயோ தீ. பின்வாசல் வழியாக நழுவிவிட்டார். மாஸ்டர் ரசித்துக் கண்ணை மூடிக்கொண்டு கை வீசுகிறவர். கவனிக்கவில்லை.

இப்போது கண் நன்றாகத் திறந்திருந்தது.

"பாடுங்க" என்றார். சத்தமில்லாமல், வாயை மட்டும் அசைத்து.

பாடியிருக்கலாம். மூன்று பேருக்கும் தொண்டை இருந்தது. ஆனால், முதலில் நீங்கள், இல்லை நீங்கள் என்று கல்யாணப் பந்தியில் போல மரியாதை காட்டிக்கொண்டு நின்றோம். மூன்றாவது வரிசைப் பக்கம் நான் கண்ணைத் திருப்பவே இல்லை.

அப்போது ஆமென் வந்தது.

மேடையிலிருந்து அல்ல. கீழேயிருந்து.

தரையோடு தரையாக ஊர்ந்து வருகிற கனத்த குரல். நான் ஆறு மாதமாகத் தடுக்கி விழுகிற வளைவில் அது சும்மா நடந்து இறங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். என் மனைவி எழுந்துகூட நிற்கவில்லை. மடியில் கைப்பை, அதன்மேல் இரண்டு கையும். அண்ணன்காரர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வாயை மூட மறந்திருந்தார்.

பஸ் டிரைவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டர் சேர்ந்தார். நானும் பாடினேன். சுருதி எங்கே போயிற்றோ, யார் கண்டார்கள்? பிறகு ஒவ்வொரு வரிசையாக எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பாட்டு முடியும்வரை மூன்றாவது வரிசையைப் பார்த்தே கை வீசினார்.

இதெல்லாம் ஏற்பாடு என்று நினைத்து ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் மாஸ்டர் கீழே ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"இப்படி ஒரு குரலை வச்சுக்கிட்டு ஏம்மா எங்ககிட்ட வரல?"

"வந்தேனே, சார்."

அவருக்கு ஞாபகம் இல்லை. எனக்கு இருந்தது. பாட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள்தான் வந்தாள். இரண்டு வரி கேட்டுவிட்டு, பொம்பளை வரிசைக்கு இந்தக் குரல் ஆகாதும்மா என்று சொன்ன மாஸ்டர், அவளுக்குப் பின்னால் குடையோடு நின்றிருந்த என் மார்பின் அகலத்தைப் பார்த்து, "அண்ணே, நீங்க வாங்க" என்றார்.

நான் அன்றைக்கு அவளுக்குத் துணையாகத்தான் வந்திருந்தேன்.