மண்டாடி

விருத்தாசலத்துப் பீங்கான் சூளைக் கிணற்றில் பம்புக் குழாய் கழன்று விழுந்திருந்தது. முத்துக்குளிப்பு நின்றுபோனதும் இங்கே வேலைக்கு வந்த சூசை, கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மறுமுனையை ராஜாங்கத்திடம் நீட்டினான்.

“எங்கூர்ல கயித்த பிடிக்கிற ஆள மண்டாடின்னு சொல்லுவோம். பொஞ்சாதி கூடப்பொறந்தவனத்தான் நிறுத்துவோம். கூடப்பொறந்தவ தாலிய அறுக்க அவனுக்கு மனசு வராதுல்லா. ரெண்டு தடவ ஆட்டுனா தூக்கிரு மச்சான்.”

ராஜாங்கத்துக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கை செசிலிக்கு இவனைப் பேசி முடித்ததே அவன்தான்.

சூசை தண்ணீரில் முங்கினான்.

பையும் கையுமாக ஒருவன் வந்து நின்றான். “தூத்துக்குடியிலருந்து வாறேன். உள்ள போயிருக்கது சூசையா?”

“ஆமாங்க. நீங்க யாரு?”

“கயித்த இங்க கொடுங்க. பத்து வருசமா அவருக்கு மண்டாடி நான்தான். அக்கா கையோட கூட்டியாரச் சொன்னா.”

கயிறு இரண்டு தடவை ஆடியது. மறுபடியும் ஆடியது.

அதைப் பிடித்திருந்த நான்கு கைகளில் ஒன்றுகூட இழுக்கவில்லை.