மூன்றாவது சிலிண்டர்

புல்டோசரின் எண்ணெய் அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான் தனபாலன். எண்ணெய் மேல்கோட்டில் நின்றது.

"ஓயில் இருக்குங்க."

தோட்டத்துக் கணக்கர் கிராணி கார்த்திகேசுவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. எண்ணெய் பார்க்காமல் ஓட்டி, டிரைவர் சன்னாசி இஞ்சினை இறுக வைத்துவிட்டான் என்று காலையிலேயே ஆபீசில் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

பன்னிரண்டு மணிக்குத் தோட்டத்தை நடத்தும் துரை வருவார். கெடுத்தவன் யார் என்று கேட்பார். பழுது பார்க்கும் ஃபிட்டர் தனபாலன் சொல்வதுதான் முடிவு. யார் பேர் சொல்லப்படுகிறதோ அவனுக்கு வேலை போகும். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். சன்னாசி வீட்டில் ஏழு பேர்.

சன்னாசி புல்டோசரின் சங்கிலிப் பட்டையில் கைவைத்து நின்றான். பதினான்கு வருடமாக அதை ஓட்டுகிறவன்.

ஐம்பத்திரண்டில் கிள்ளானில் கப்பலிலிருந்து இறங்கிய எந்திரம் அது. முப்பத்தோரு வருடம் கழித்தும், புக்கிட் ரோத்தான் பக்கத்துக் கிழட்டு ரப்பர் மரங்களைத் தள்ளி, எண்ணெய் தரும் செம்பனைக்கு இடம் செய்துகொண்டிருந்தது. பாகம் ஒன்று போனால் கோலாலம்பூரில்கூடக் கிடைக்காது.

"காலையில என்ன நடந்துச்சு?" என்றான் தனபாலன்.

"சின்ன இஞ்சின் எப்பவும்போல பிடிச்சிச்சுண்ணே. பெருசச் சுத்த விட்டேன். டொக்குன்னு ஒரு சத்தம். அப்படியே நின்னுடுச்சு."

இந்த எந்திரத்துக்கு பேட்டரி கிடையாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன பெட்ரோல் இஞ்சின்தான் பெரிய டீசல் இஞ்சினைச் சுற்றிக் கிளப்ப வேண்டும்.

"ஒரு தடவதானா?"

"ரெண்டு தடவ."

"இரண்டு தரம்!" என்றார் கிராணி. "கழுதையைக்கூட ஒருதரம் உதைச்சுப்போட்டு யோசிப்பினம்."

தனபாலன் சிரிக்கவில்லை. கியரைத் தளர்த்திப் பார்த்தான். பெல்ட்டைக் கழற்றினான். காற்றாடி கையால் தள்ளச் சுழன்றது. வெளியில் கோளாறு இல்லை. உள்ளேதான்.

பின்பக்கப் பல்சக்கரத்தில் கடப்பாரையைக் கொடுத்து முன்னால் தள்ளினான். அசையவில்லை.

பின்னால் தள்ளினான். இரண்டு விரல் அளவு நகர்ந்தது.

அப்படியே நின்றான்.

எண்ணெய் இல்லாமல் இறுகிய இஞ்சின் எந்தப் பக்கமும் நகராது. பின்னால் போய், முன்னால் வரும்போது முட்டுகிறது என்றால், வழியில் ஏதோ இருக்கிறது.

"என்ன காணும்?" கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொன்றேகால்."

"இறுகலங்க. உள்ள எதுவோ தடுக்குது."

சன்னாசியின் முகத்தில் லேசாக உயிர் வந்தது. தனபாலனுக்கு வேர்த்தது.

சிலிண்டர்களுக்குள் டீசல் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றினான். நான்காவது திருகு கையிலிருந்து இரண்டு முறை நழுவியது. சன்னாசி குனிந்து எடுத்துக் கொடுத்தான்.

"தள்ளு."

சன்னாசி கடப்பாரையைத் தள்ளினான். மூன்றாவது ஓட்டையிலிருந்து துருத் தண்ணீர் பீய்ச்சி தனபாலனின் முழங்கைவரை நனைத்தது. தண்ணீரோடு வந்த ஏதோ ஒன்று உள்ளங்கையில் ஒட்டியது. பார்த்தான். விரல்களை மடக்கிக்கொண்டான்.

"தண்ணி," என்றான். "மழைத்தண்ணி. புகைக்குழாய் வழியா எறங்கியிருக்கு."

எந்திரம் நிற்கும்போது குழாயின் வாயில் ஒரு பால் டின்னைக் கவிழ்த்து வைப்பது வழக்கம். கவிழ்க்காமல் விட்டால் மழை நேராக உள்ளே போகும். தண்ணீர் அமுங்காது. அதைச் சின்ன இஞ்சின் முட்டித் தள்ளினால் இரும்புதான் வளையும்.

ஒரு வெல்டிங் கம்பியை ஓட்டை ஓட்டையாக விட்டு, பிஸ்டன் எவ்வளவு மேலே ஏறுகிறது என்று அளந்தான். மற்ற மூன்று சிலிண்டரிலும் ஒரே அளவு. மூன்றாவதில் அரை அங்குலம் குறைந்தது.

இன்னொரு முறை அளந்தான். அதே அளவுதான்.

"பிஸ்டன் தண்டு வளஞ்சிருச்சு. இஞ்சின் முடிஞ்சிச்சு."

தூரத்தில் லோரி ஒன்று கியர் மாற்றுவது கேட்டது.

"கையைத் திறவும்," என்றார் கிராணி.

"என்னங்க?"

"அந்தக் கையை. தண்ணி வந்த உடனே பொத்தினீர்."

தனபாலன் திறந்தான். நைந்த ஒரு செவ்வந்தி இதழ்.

கிராணி அதைக் குனிந்து பார்த்தார். அவர் பூசைகளுக்கு வருகிறவர் இல்லை. ஆனாலும் நாள் தெரியும். சனிக்கிழமை ஆயுத பூசை. இரண்டு இரவும் மழை. இன்று திங்கள்.

"குழாயிலே மாலை போட்டிருக்கினம். டின் இருந்தால் மாலை இறங்காது. அதை எடுத்தவன் திருப்பி வைக்கேல்லை." நிமிர்ந்தார். "எந்திரத்துக்கு மாலை போடுறது யார்? ஓட்டுறவன்தானே?"

சன்னாசியின் கண் தனபாலன் மேல் இருந்தது. கெஞ்சவில்லை. காத்திருந்தது.

"சொல்லும்."

"ஆமாங்க," என்றான் தனபாலன். "ஓட்டுறவன்தான் போடுவான். அதான் வழக்கம்."

அது பொய்யில்லை.

கிராணி சன்னாசியிடம் ஒன்றும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிளை உதைத்து ஆபீசுக்குப் போனார்.

இந்த வருடப் பூசையில் சன்னாசி எந்திரத்தைத் தொடவில்லை. அவன் அண்ணன் செத்து அன்றைக்கு ஒன்பது நாள். தீட்டு. வெட்டவெளியில் எந்திரத்துக்குச் சூடம் காட்டிய இடத்திலிருந்து நாற்பதடி தள்ளி நின்றுகொண்டு, "எனக்குப் பதிலா நீங்க போட்டுருங்கண்ணே" என்று கேட்டிருந்தான்.

தனபாலன் டின்னை எடுத்துச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டு, மாலையைப் போட்டான். பிறகு பொங்கல் சாப்பிடப் போனான்.

அவனுக்கும் தோட்டத்து வீடுதான்.

சன்னாசி தரையில் உட்கார்ந்து, சிதறிக் கிடந்த ஸ்பானர்களை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்தான். தனபாலனின் பெட்டியில் அளவு பார்த்து அடுக்கத் தொடங்கினான்.