ஆளில்லாத இடம்

பாம்பைப் பிடித்துச் சாக்கின் வாயைக் கட்டும்போது எந்த வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இதை எங்கண்ணே கொண்டு விடுவீங்க?" பதினோரு வருஷமாக நானும் ஒரே பதிலைத்தான் சொல்லி வந்தேன்: "ஆளில்லாத இடத்துல." ஊருக்கு வெளியே இருக்கும் கருவேலங்காடுதான் அந்த இடம். போன தையில் அங்கே மஞ்சள் பெயின்ட் அடித்த மனைக்கற்கள் நட்டிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும், இங்கே யார் வந்து குடியேறப் போகிறார்கள் என்று, அன்றைக்குப் பிடித்த கண்ணாடிவிரியனை அங்கேயே விட்டேன். தோட்டத்து வேலி வலையில் சிக்கி வால்நுனி அறுந்த பாம்பு அது. பாவமே என்று மஞ்சளைக் குழைத்துத் தடவி, ஒரு கல்லின் நிழலில் இறக்கிவிட்டேன்.

இன்று காலை அங்கிருந்தே போன் வந்தது. அந்தக் காட்டில் எழுந்திருக்கும் ஒரே வீடு. பால் காய்ச்சி எட்டு நாள்தான் ஆகிறது. வாசலில் கட்டிய வாழையை இன்னும் அவிழ்க்கவில்லை. மோட்டார் போடப் போன கணவனை நேற்று பாம்பு கடித்துவிட்டது என்றாள் அந்த வீட்டுக்காரி செல்வரதி. "ரத்தம் உறையலைன்னு டாக்டர் சொல்றாருண்ணே. மாத்துத்துணி எடுக்க வந்தேன், உள்ள போகப் பயமா இருக்கு."

மோட்டாரை ஒட்டிக் கிடந்த செங்கல் குவியலைப் பிரித்தேன். கொக்கியில் தூக்கியதும் நுனியில்லாத வால் தொங்கியது.

சாக்கைக் கட்டினேன். அவள் தள்ளி நின்றபடியே கேட்டாள்: "இதை எங்கண்ணே கொண்டு விடுவீங்க?"

கட்டிய முடிச்சையே திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தேன்.