கிணற்றுத் தெரு வாறுகால்

“எங்கய்யா தண்ணி?”

பஞ்சாயத்துத் தலைவர் ரத்தினசாமி கேட்டதும் ஓவர்சியர் கிறிஸ்துராஜ் குனிந்து பார்த்தான். கிணற்றுத் தெருவின் மேற்குக் கோடியில் பன்னிரண்டு பீப்பாய் தண்ணீரை தெருவோரச் சாக்கடை வாறுகாலில் கொட்டிவிட்டு, அதே லாரியில் பெரிய ரோட்டைச் சுற்றிக்கொண்டு கிழக்குக் கோடிக்கு வந்திருந்தான். தண்ணீர் வந்து விழ வேண்டிய இடத்தில் புழுதிதான் பறந்தது.

இருபது வருஷத்துச் சிமெண்டு வாறுகால் அது. விரிசலை எல்லாம் அடைத்து, வாட்டம் பார்த்துப் புதிதாகப் பூசியிருந்தான். சோதனை முடியும்வரை எந்த வீட்டுச் சாக்கடையையும் அதில் விடக்கூடாது என்று உத்தரவு. நல்ல மழை ஒன்று பெய்தால் வேலையின் லட்சணம் தெரிந்துவிடும். ஆனால் மழையைப் பார்த்து இரண்டு வருஷமாகிறது. பட்டாசுக் கம்பெனி முதலாளிகளுக்கு அதில் கொண்டாட்டம், மற்றவர்களுக்குத் திண்டாட்டம். சோதனைத் தண்ணீரே சாத்தூர் ஆற்று ஊற்றிலிருந்து லாரியில் வந்தது.

“உம்ம சிமெண்டு அம்புட்டுத் தண்ணியவும் குடிச்சிருச்சோ? இந்த முனைக்குத் தண்ணி வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். இல்லைன்னா மூட்டையக் கட்டும்” என்றார் தலைவர்.

அவர் கையெழுத்துப் போட்டால்தான் கிறிஸ்துராஜுக்கு வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் நர்சு ஞானதீபத்தோடு கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வேறு வாசித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா ஜேசுதாசன் வாத்தியார் தற்காலிக வேலைக்காரனுக்குத் தம் வீட்டுப் பூனையைக்கூடக் கொடுக்க மாட்டார்.

அப்போது நாலாவது வீட்டு வெள்ளைத்தாய் முன்னால் வந்தாள். அவள் பின்னால் தெருப் பெண்கள் பத்துப் பேர்.

“தலைவரே, அந்தத் தம்பிய வையாதீக. வேகாத வெயில்ல நின்னு பாடுபட்டிருக்கு. காஞ்ச சிமெண்டு மொதத் தண்ணியக் குடிக்கத்தான் செய்யும். நாளைக்கு இன்னொரு லாரி ஊத்திப் பாருங்க.”

பத்துத் தலைகளும் ஆடின. தலைவர் முனகிக்கொண்டே சம்மதித்தார்.

மறுநாளும் பன்னிரண்டு பீப்பாய் ஊற்றினான். மறுநாளும் கிழக்கு முனையில் புழுதிதான். சாயங்காலம் சுத்தியலோடு மூட்டுக்கு மூட்டு தட்டிப் பார்த்தான். மருந்துக்கும் ஒரு விரிசல் இல்லை.

“நாளைக்கு ஒருதரம். அதுதான் கடைசி” என்றார் தலைவர்.

“மனசத் தளர விடாதீக தம்பி” என்று தெருப் பெண்களில் ஒருத்தியான சுலைகா தேற்றினாள். “நாளைக்கு வெள்ளன ஏழு மணிக்கே ஊத்துங்க. நாங்க தீப்பெட்டி ஆபீசுக்குப் போறதுக்கு முந்தி. உங்களுக்காக அம்புட்டுப் பேரும் வாசல்லயே நிக்கோம்.”

கிறிஸ்துராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த ஊர்க்காரர்கள்கூடத் தனக்காக இப்படி நின்றதில்லை என்று உருகிப்போனான்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு பீப்பாயும் கவிழ்ந்தன. இந்தத் தடவை அவன் லாரியில் ஏறவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கூடவே தெருவுக்குள் ஓடினான். தண்ணீர் என்ன அழகாக ஓடியது! கோணல் இல்லை, தேக்கம் இல்லை.

முதல் வீடு வரைக்கும்தான்.

அங்கே வாறுகாலின் குறுக்கே ஒரு சாக்குப் பொட்டலம். அடுத்த வீட்டில் மணல் மூட்டை. வாசலுக்கு வாசல் பெண்கள் குனிந்து, தேங்காய்ச் சிரட்டையால் குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாரக்கணக்கில் சேர்ந்த அழுக்குத் துணி பக்கத்தில் குவிந்திருந்தது.

வெள்ளைத்தாய் நிமிர்ந்தாள். “என்ன தம்பி, இன்னைக்கு லாரியில போகலையா?”

அவன் தட்டுத்தடுமாறி மேலே நடந்தான். நடுத்தெரு மாடி வீட்டு வாசலில் சிரட்டையும் குடமும் இல்லை. பெரிய செப்பு அண்டாவே இருந்தது. அதன் அருகில் நின்ற அம்மாள் அவனைக் கைகாட்டிக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“தம்பி, இன்னைக்கும் தண்ணி வரலைன்னே சொல்லுங்க. இன்னும் ரெண்டு லாரி ஊத்தட்டும், வீட்டுப் போர்வையெல்லாம் கிடக்கு. உங்களுக்கு வேண்டிய கையெழுத்துக்கு நான் பொறுப்பு. அவுகளுக்குச் சோறு போடுறது நான்தான?” என்றாள், தலைவர் ரத்தினசாமியின் மனைவி.