கடைசி வரிசையில் மேற்பார்வையாளர்

லாரெடோ நகரத்து நடுநிலைப் பள்ளியில், மதிய வெயில் சன்னல் தட்டி வழியே கீற்றுக் கீற்றாக வெள்ளைப் பலகையில் விழுகிறது. மாரிசேலா எடுத்த மார்க்கர் பலகையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிறது. பதினோரு வருஷம் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தவள் அவள். பச்சைக் குழந்தையின் நரம்பையும் ஒரே குத்தில் பிடித்த கை. வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் படித்துத் தற்காலிகச் சான்றிதழ் வாங்கி, இந்த வருஷம்தான் அறிவியல் டீச்சராகியிருக்கிறாள். அந்தச் சான்றிதழை நிரந்தரமாக்கலாமா என்று அறிக்கை எழுதப்போகிற மேற்பார்வையாளர் மிஸஸ் ஒல்கின், கடைசி வரிசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்திருக்கிறார். ஏசி உறுமுகிறது. யாரோ சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்க, மிளகாய் வாடை பரவுகிறது. இதயத்துக்கு எத்தனை அறை என்று கேட்க வாயெடுக்கிறாள். "மிஸ், உங்க கை நடுங்குது," என்கிறாள் முன்வரிசை யெசேனியா. "இந்த மிஸ்ஸும் கிறிஸ்துமஸுக்குள்ள ஓடிருவாங்க பாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரிக்கிறது. மிஸஸ் ஒல்கின் படபடவென்று எதையோ தட்டுகிறார். மாரிசேலா கையை மறைத்துக்கொள்ளவில்லை. எல்லாரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டுகிறாள். "ஆமாம்மா, பயத்துலதான் நடுங்குது. நெஞ்சும் திக்குதிக்குன்னு அடிச்சுக்குது. ஏன் அடிச்சுக்குது, யாராவது சொல்லுங்க பாப்போம்." சிரிப்பு அடங்குகிறது. கடைசி வரிசையில் தட்டுகிற சத்தமும் நின்றுபோகிறது. முப்பது முகங்களும் அவளையே பார்க்கின்றன. அவள் காத்திருக்கிறாள்.