சத்தத்தின் மறைவில்

மருத்துவமனைக் கூடத்தில் டிவி அலறிக்கொண்டிருக்கிறது. கருவைக் கலைக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டா என்று கோட்டுப் போட்ட நான்கு ஆண்கள் மாறி மாறிக் கத்துகிறார்கள். கவுன்ட்டருக்கு யாராவது ஒரு பெண் வந்தால் நர்ஸ் உடனே ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். பேசுவது பின்வரிசைக்குக் கேட்கக்கூடாது என்று அவளாகச் செய்துகொண்ட ஏற்பாடு. இப்போது அவள் முன்னால் நிற்பது ஒரு தையல்காரி. ஊசி குத்திக் காய்த்த விரல்கள் கைக்குட்டையை முறுக்கிக் கயிறாக்குகின்றன. வயிற்றுவலி என்று சொன்னதை நம்பித் துணைக்கு வந்த மாமியார், மருமகளின் பையை மடியில் வைத்தபடி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "வீட்டுக்காரர் கையெழுத்து வேணுமா சிஸ்டர்?" "வேணாம்மா, உன்னோடது போதும். ஆனா உன் வாயால சொல்லணும். என்ன பண்ணலாம்?" தையல்காரி வாய்க்குள்ளேயே முனகுகிறாள். "காதுல விழல, சத்தமா சொல்லும்மா." பின்னால் மாமியார், "அப்பப்பா, காது கிழியுது" என்று எழுந்துபோய்ச் சுவரில் டிவி சுவிட்சைத் தேடுகிறாள். தையல்காரி கண்களை இறுக மூடிக்கொண்டு, நான்கு ஆண்களின் குரலுக்கும் மேலே தன் குரலை உயர்த்துகிறாள். டிவி அணைகிறது. "கலைச்சிடுங்க" என்பது மட்டும் கூடம் முழுக்கக் கேட்கிறது.