கம்பிவேலிக்கு இந்தப் பக்கம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் மைதானத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கம்பிவேலிப் பகுதியில் வீராசாமி நின்றிருந்தார். வெள்ளையர் அரசின் ரக்பி அணியோடு மோத எந்த நாட்டு அணி வந்தாலும், வந்தவர்களுக்குத்தான் அங்கே எல்லோரும் கைதட்டுவார்கள். அவரும் அப்படித்தான். ஆனால் இன்று அந்த வெள்ளை அணியில் அவர் மகன் தனபாலன் ஆடினான். நிறவெறி என்று ஏசும் உலகத்தின் வாயை அடைக்க அரசு சேர்த்துக்கொண்ட ஒரே இந்தியன் அவன்.

"உங்க மவன்தானே, கை தட்டுங்களேன்," என்றார் பக்கத்தில் நின்ற கதிரேசன். அது கேலியா இரக்கமா என்று வீராசாமிக்குப் புரியவில்லை.

பந்தோடு ஓடிவந்த தனபாலனை எதிரணிக்காரன் வேலியோரமாகவே வீழ்த்தினான். கூட்டம் ஆர்ப்பரித்தது. தன் கைகளும் தட்டிக்கொண்டிருப்பதை வீராசாமி அப்போதுதான் கவனித்தார்.

மண்ணில் கிடந்த மகன் தலையைத் தூக்கி, "அப்பா" என்றான்.

"எந்திரிச்சு ஓடுடா!" என்று கத்தினார். எந்தப் பக்கம் என்றுதான் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.